இருபத்தொரு படிகளுக்கு மேலே இருக்கும் அதிகாரிகளுக்கு

"பென்சன் கருமபீடம் மேல்மாடிக்கு மாற்றப்பட்டுள்ளது. மேலே வர இயலாத முதியோர் தமது பிள்ளைகளை அனுப்பலாம்."

பழைய கருமபீடம் இருந்த இடத்துச் சுவரில் நீங்கள் ஒட்டியிருக்கும் கடதாசியில் உள்ளது இவ்வளவுதான். முதலாவது வசனத்தோடு நிறுத்தியிருந்தால் வழக்கம்போல ஒரு முறைப்பாட்டுக் கடிதம் எழுதித் தந்துவிட்டுப் போயிருப்பேன். இரண்டாவது வசனம்தான் இதை எல்லோரும் வாசிக்கும்படி எழுத வைத்தது. உங்கள் அலுவலகத்தின் பெயரை எழுதவில்லை. பெயர் சொல்லி ஒருவரைச் சந்திக்கு இழுப்பது என் நோக்கம் அல்ல. உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

உங்கள் மாடிப்படிகள் 21. எண்ணிப் பார்த்திருக்கிறேன். எண்ணுவது எனக்குத் தொழில் பழக்கம். 34 வருடம் கட்டட வேலைகளில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து 2014இல் ஓய்வு பெற்றவன். இன்றைக்கும் சிலர் என்னை, அந்த உத்தியோகத்தின் ஆங்கிலச் சுருக்கத்தில், "ரீ.ஓ. ஐயா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். வயது 71. வலது முழங்கால் தேய்ந்துவிட்டது. ஒரு கண்ணில் வெண்புரை எடுத்தாயிற்று, மற்றது வரிசையில் நிற்கிறது.

இரண்டாவது முறை வந்தபோது சட்டைப் பையில் அளவுநாடாவும் கொண்டுவந்தேன். உங்கள் படிகளில் நடுவில் உள்ளவை ஒவ்வொன்றும் 7 அங்குல உயரம். நல்ல அளவு, குறை சொல்ல மாட்டேன். ஆனால் முதலாவது படி ஐந்தரை அங்குலம், கடைசிப் படி எட்டரை. ஏன் அப்படி? கீழ்த்தளத்துக்கும் மேல்தளத்துக்கும் பிற்காலத்தில் டைல்ஸ் பதித்திருக்கிறார்கள், படிக்கட்டுக்குப் பதிக்கவில்லை. கீழே நிலம் ஒன்றரை அங்குலம் உயர்ந்ததால் முதல் படி கட்டையாகிவிட்டது. மேலே நிலம் உயர்ந்ததால் கடைசிப் படி நெட்டையாகிவிட்டது. இளம் கால் இதைக் கவனிக்காது. என் காலுக்குத் தெரியும்.

ஏறும்போது இரண்டு மூன்று படிகளிலேயே கால் உயரத்தை மனப்பாடம் செய்துகொள்கிறது. பிறகு கண்ணைக் கேட்காமல் அதுபாட்டுக்கு ஏறும். இறங்கும்போதுதான் சிக்கல். போன மாதம் உங்கள் மேல்மாடியில் வேலையை முடித்துக்கொண்டு இறங்கத் தொடங்கினேன். நோகும் கால் முதலில் கீழே போக வேண்டும், நல்ல கால் மேலே நின்று உடம்பைத் தாங்க வேண்டும். கிளினிக்கில் உடற்பயிற்சி சொல்லித் தந்த பிள்ளை படிப்பித்த பாடம் இது. வலது காலை இறக்கினேன். 7 அங்குலத்தில் படி வரும் என்று கால் நம்பிப் போனது, படி வரவில்லை. இன்னும் ஒன்றரை அங்குலம் கீழே இருந்தது. ஒன்றரை அங்குலம் என்பது ஒரு தீப்பெட்டியின் நீளம்கூட இல்லை. அந்த அளவு வெறும் காற்றில் என் 68 கிலோவும் முன்னுக்குச் சரிந்தது. பிடிக்கக் கைபிடி இல்லை. அரைச்சுவர் இருக்கிறதே என்பீர்கள். பூச்சோடு சேர்த்து 6 அங்குல அகலம் உள்ள சுவரைப் பற்றிப் பிடிக்க எவர் கையால் முடியும்? ஜன்னல் நிலையில் விரல் மாட்டியது, விழவில்லை. அந்தப் படியிலேயே குந்திவிட்டேன். உங்கள் அலுவலகத்துச் சின்னப் பெண் ஒருத்தி ஓடிவந்து முழங்கையைப் பிடித்துக்கொண்டு, கீழே வந்ததும் தண்ணீரும் வாங்கித் தந்தாள். அவளுக்கு நன்றி. உங்கள் ஊழியர்களைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை.

எங்களைப் போன்றவர்களைப் பற்றி உங்களிடம் ஓர் எண்ணம் இருக்கிறது. நாங்கள் பழசிலேயே நிற்கிறோம், ஒரு மாற்றத்துக்கும் ஒத்துவராமல் முணுமுணுக்கிறோம் என்று. கருமபீடத்தில் ஒருவர் அப்படித்தான் சொன்னார், மரியாதையாகத்தான்: "ஐயா, கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கொள்ளுங்கோ." சரி, நான் என்னென்ன அட்ஜஸ்ட் பண்ணியிருக்கிறேன் என்று சொல்கிறேன்.

நெடுங்காலம் ஓடிய பார் வைத்த லுமாலா சைக்கிளை விற்றேன். காலைத் தூக்கிப் பின்னால் சுழற்றிப் போட இடுப்பு விடவில்லை. பதிலாக ஒரு லேடீஸ் சைக்கிள் வாங்கினேன். சந்தையடியில் இரண்டு நாள் சிரித்தார்கள், மூன்றாம் நாள் பழகிவிட்டது. கட்டிலின் நாலு காலுக்கும் கீழே கட்டை வைத்து 4 அங்குலம் உயர்த்தினேன். விடியற்காலையில் எழும்பும்போது முழங்கால் போடும் சத்தம் பாதியாகக் குறைந்தது. குந்தும் மலசலகூடத்தை உடைத்துக் கொமட் வைத்தேன், பக்கத்துச் சுவரில் ஒரு குழாய்த்துண்டையும் பதித்தேன். கிணற்றில் வாளி நிறைய அள்ளுவதை விட்டு அரை வாளி அள்ளுகிறேன், இரண்டு தரம். மனைவி நிலத்தில் இருந்து திருவலையில் தேங்காய் துருவுவதை நிறுத்தி மேசையில் பூட்டும் திருவலைக்கு மாறினாள். முதல் வாரம் முழுக்க, இதில் துருவினால் பூ நீளமாக வருகிறது, சம்பலுக்குச் சரியில்லை என்று திட்டித் தீர்த்தாள். இப்போது வேறு ஒருவரையும் அதைத் தொட விடுவதில்லை.

பொல்லு எடுப்பதுதான் கடினமாக இருந்தது. எடுத்த பிறகும் எட்டு மாதம் வீட்டுக்குள்ளேயே வைத்திருந்தேன். இப்போது எங்கும் கொண்டுபோகிறேன், இடது கையில். நோவது வலது கால் என்றால் பொல்லு இடது கையில்தான் இருக்க வேண்டும். வலது கால் ஊன்றும் நேரத்தில் இடப்பக்கம் தாங்கல் கொடுத்தால்தான் பாரம் பங்காகும். வழியில் பார்ப்பவர்கள் கை மாறிப் பிடிக்கிறேன் என்று திருத்தப் பார்க்கிறார்கள். எல்லோருக்கும் நின்று விளக்கம் சொல்வேன். அதில் ஒரு சந்தோஷம்.

திருகோணமலைக் கோணேசர் கோவிலுக்கு முன்பு கோட்டை வாசலில் இருந்தே நடப்பேன். மான்களைப் பார்த்துக்கொண்டு, வழியில் இரண்டு பேரோடு கதைத்துக்கொண்டு, மலையேறி, இராவணன் வெட்டடியில் நின்று கடலைப் பார்த்துவிட்டுத்தான் வருவேன். இப்போது ஓட்டோ போகிற தூரம் வரை ஓட்டோ, மீதி ஏற்றம் மூன்று தரிப்போடு நடை. கால் மிகவும் நோகும் வெள்ளிக்கிழமைகளில் ஏறுவதில்லை, பத்திரகாளி அம்மனோடு முடித்துக்கொள்வேன். கோணேசர் கோபிக்கமாட்டார். டச்சு வளைகுடாவில் கடலில் இறங்கிக் குளிப்பதை விட்டாயிற்று, மணலில் கால் புதைந்தால் இழுக்க முடியவில்லை. கன்னியா வெந்நீரூற்றில் ஏழு கிணற்றிலும் குனிந்து அள்ளி ஊற்றிய ஆள், இப்போது ஒரு கிணற்றோடு நிற்கிறேன், பேரன் அள்ளித் தருவான்.

ஒன்றும் புலம்பலாகச் சொல்லவில்லை. இதில் பாதி எனக்குப் பிடித்த வேலை. எங்கே பிடிமானம் வேண்டும், எங்கே உயரம் குறைய வேண்டும் என்று யோசித்து ஆணி அடிப்பதில் பழைய உத்தியோகம் திரும்பக் கிடைத்த மாதிரி இருக்கிறது. ஆனால் என் வீட்டுச் சுவரில் நான் குழாய் பதிக்கலாம், உங்கள் சுவரில் பதிக்க முடியாது.

இனி நானும் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்களை மட்டும் கூண்டில் ஏற்றுவது நியாயம் அல்ல.

தொண்ணூறுகளின் நடுவில் கிண்ணியாப் பக்கம் ஒரு மாடிக் கட்டட வேலை என் பொறுப்பில் இருந்தது. அப்போது பாலம் இல்லை, அது 2009இல்தான் திறந்தது. பாதை என்று நாங்கள் சொல்லும் படகில் சைக்கிளோடு ஏறி அக்கரைக்குப் போய் வேலை பார்த்துவிட்டு, கடைசிப் பாதைக்கு ஓடிவருவேன். மதிப்பீட்டில் மாடிப்படிக்கு ஒன்றரை அங்குல ஜீ.ஐ. இரும்புக் குழாயில் கைபிடி இருந்தது. சீமெந்து விலை ஏறியது, பணம் தட்டுப்பட்டது, எதையாவது வெட்ட வேண்டி வந்தது. கைபிடியை வெட்டினேன். "கைபிடிதானே, பிறகு போடலாம்" என்று நான்தான் சொன்னேன். பிறகு ஒருவரும் போடவில்லை. சில வருடங்களுக்கு முன் ஒரு கலியாண வீட்டுக்கு அந்தப் பக்கம் போனபோது எட்டிப் பார்த்தேன். சுவரில் பிடிமானம் இல்லாத அந்தப் படியில் ஒரு வயதான மனிதர் சுவரைத் தடவித் தடவி இறங்கிக்கொண்டிருந்தார். அன்றைக்கு அதை வெட்டியபோது எனக்கு நாற்பது வயது அளவுதான். படி என்பது கால் ஏறும் ஒரு பொருள் என்று நினைத்த வயது. ஆகவே உங்கள் முடிவில் கையெழுத்து வைத்தவர்களின் வயதை நான் ஊகிக்க முடியும்.

சட்டம் தெரியாமல் நடந்தது என்று மட்டும் சொல்லவேண்டாம். மாற்றுத்திறனாளிகளின் உரிமைகளைப் பாதுகாக்கும் 28ஆம் இலக்கச் சட்டம் 1996இல் வந்தது. அதன் கீழ், பொதுக் கட்டடங்களுக்குள் எல்லோரும் போய்வர வசதி இருக்க வேண்டும் என்ற ஒழுங்குவிதிகள் 2006 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியாயின. புதிய கட்டடங்களுக்கு மட்டும் அல்ல, ஏற்கெனவே இருந்தவற்றுக்கும் அவகாசம் கொடுத்துத்தான் எழுதப்பட்டன. 2011 ஏப்ரலில் உயர் நீதிமன்றமும் இந்த விடயத்தில் உத்தரவு போட்டது. மூத்தோரின் உரிமைகளுக்கென்று 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டம் தனியாக இருக்கிறது. அந்த ஒழுங்குவிதிகளின் பிரதி நான் வேலை செய்த கந்தோருக்கும் வந்தது. வாசித்தோம், கோப்பில் போட்டோம், கோப்பை அலுமாரியில் வைத்தோம். உங்கள் அலுமாரியிலும் இருக்கும், தேடுங்கள்.

சாய்வுப் பாதை போட்டிருக்கிறோமே என்று உங்களில் ஒருவர் சொல்லக்கூடும். வாசலில் இருப்பதைத்தானே சொல்கிறீர்கள்? வாசல் உயரம் 18 அங்குலம். ஓர் அங்குல உயரத்துக்கு 12 அங்குல நீளம் என்பது எங்கள் தொழிலில் பாலபாடம். அந்தக் கணக்கில் 18 அடி நீளம் வேண்டும். நீங்கள் போட்டிருப்பது 6 அடி. சக்கர நாற்காலியை அதில் தள்ள இரண்டு பேர் வேண்டும், இறக்க மூன்று பேர். மழை பெய்தால் பாசி வேறு. ஊழியர்களின் மோட்டார் சைக்கிள் ஏற்ற மிகவும் வசதியாக இருக்கிறது, அதை மறுக்கவில்லை.

கருமபீடத்தை ஏன் மேலே கொண்டுபோனீர்கள் என்றும் விசாரித்தேன். போன மாரியில் கீழ்த்தளத்துக்குள் தண்ணீர் வந்து கோப்புகள் நனைந்துவிட்டன என்றார்கள். நியாயமான காரணம். கார்த்திகை, மார்கழியில் இந்த ஊரில் வானம் எப்படிப் பொழியும் என்பது எனக்கும் தெரியும், நனைந்த கோப்பை மின்விசிறிக்குக் கீழே விரித்துக் காயவைத்த ஆள்தான் நானும். ஆனால் மேலே போக வேண்டியவை கோப்புகள். கோப்புகளுக்கு முழங்கால் இல்லை. அலுமாரிகள் மேலே இருக்கட்டும், மேசையும் உத்தியோகத்தரும் கீழே இருக்கலாம். ஒரு நாளைக்கு எத்தனை கோப்புத்தான் எடுக்க வேண்டிவரும்? விவரங்கள் பெரும்பாலும் கணினியில் இருக்கின்றன. காலியான கீழ் மண்டபம் இப்போது குளிரூட்டிய கூட்ட அறையாகிறது என்று கேள்விப்பட்டேன். கூட்டத்துக்கு வருகிறவர்கள் படியேறலாமே.

அந்த இரண்டாவது வசனத்துக்கு வருகிறேன்.

போன மாதம் அந்த அறிவித்தலுக்கு முன்னால் என்னோடு ஓர் அம்மா நின்றார். எண்பது வயது இருக்கும், திருக்கடலூர்ப் பக்கம். கணவர் அரசாங்க உத்தியோகம், விதவைகள் அநாதைகள் ஓய்வூதியம் எடுக்கிறார். கையில் பொலித்தீன் பைக்குள் பென்சன் அட்டை, அடையாள அட்டை, இரண்டையும் சுற்றி இறப்பர் பட்டி. கண்ணாடி கொண்டுவரவில்லை, என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். வாசித்துச் சொன்னேன். இரண்டாவது வசனத்தையும் வாசித்தேன், வாசித்திருக்கக் கூடாது. கொஞ்ச நேரம் அந்தக் கடதாசியையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"எந்தப் பிள்ளையைத் தம்பி அனுப்ப?" என்றார்.

நான் மேற்கொண்டு கேட்கவில்லை. இந்த ஊரில் அதைக் கேட்பதில்லை. அத்தனை வருட யுத்தத்தையும், நடுவில் 2004 டிசெம்பர் 26ஆம் திகதிக் காலையையும் கண்ட ஊர். என் சொந்தக் கதை லேசானது, மகன் கனடாவில், மகள் கொழும்பில். கொழும்பில் இருந்து ஒரு கையெழுத்துக்காக இரவு ரயிலில் அவளை வரச் சொல்வதா? வந்தாலும் அவளுக்கு ஒருநாள் சம்பளம் போகும். அந்த அம்மா அன்றைக்கு மேலே ஏறவில்லை. வாசல் வாங்கில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போய்விட்டார். ஓட்டோவுக்கு வர ஒரு காசு, போக ஒரு காசு.

பிள்ளை இருந்தாலும் ஏன் அனுப்ப வேண்டும் என்பது வேறு கேள்வி. என் பென்சன் விடயத்தை நானே பேசி முடிக்க எனக்கு வாயும் புத்தியும் இருக்கின்றன. குறைவாக இருப்பது ஒரு முழங்கால் மட்டும்.

மேலே ஏறி வந்துவிட்டால் அங்கேயும் சில விடயங்கள் உண்டு, சுருக்கமாகச் சொல்கிறேன். நீங்கள் போட்டிருக்கும் பிளாஸ்டிக் கதிரைகளுக்குக் கைகள் இல்லை. உட்காரலாம், எழும்ப எதை ஊன்றுவது? படிக்கட்டுத் திருப்பத்தில் ரியூப் லைட் எரியவில்லை. வயது போகப் போகக் கண்ணுக்குள் வெளிச்சம் போவதே குறைந்துவிடும். உங்களுக்கு மங்கலாகத் தெரிவது எங்களுக்கு இருட்டு. சீமெந்து நிறத்தில் படி, அதே நிறத்தில் அடுத்த படி, எது விளிம்பு என்று காலால் தேட வேண்டியிருக்கிறது. பெயர் கூப்பிடுவது கண்ணாடிக்குப் பின்னால் இருந்து. காது மங்கும்போது மெல்லிய, கூர்மையான ஓசைகள்தான் முதலில் போகின்றன. செல்லையா, கந்தையா, சின்னையா எல்லோருக்கும் "...ஐயா" மட்டும்தான் கேட்கிறது. அன்றைக்கு மூன்று பேர் ஒன்றாக எழும்பிப் போனோம். மூவருமே வாசலுக்கு வெளியே வந்துதான் சிரித்தோம்.

ஒக்டோபர் முதலாம் திகதி வந்தால் முதியோர் தினம் என்று எங்களைக் கூப்பிடுவீர்கள். அன்றைக்கே சிறுவர் தினமும் என்பதால் பிள்ளைகளின் நடனம் நடக்கும், மாலை போடுவீர்கள், சாப்பாட்டுப் பார்சலும் தருவீர்கள். போன தடவை மேடைக்கு நாலு படி இருந்தது, அதற்கும் கைபிடி இல்லை. இரண்டு பேர் பிடித்து ஏற்றினார்கள், படம் எடுத்தார்கள். அந்த மாலைக் காசில் ஐந்து அடி குழாய் வாங்கலாம்.

நான் கேட்பவை இவை.

அந்தக் கடதாசியை இன்றே கழற்றுங்கள். அதற்குப் பணமும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம்.

பென்சன் கருமபீடத்தைக் கீழ்த்தளத்துக்கே கொண்டுவாருங்கள். முழுவதும் முடியாது என்றால், வாரத்தில் இரண்டு நாளாவது காலை 9 மணி முதல் 12 மணி வரை ஒரு மேசையும் ஓர் உத்தியோகத்தரும் கீழே இருக்க ஏற்பாடு செய்யுங்கள். எந்த இரண்டு நாள் என்பதைச் சுவரில் பெரிய எழுத்தில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதுங்கள். அந்த ஏற்பாடு வரும் வரைக்கும், கீழே ஒரு மணி வையுங்கள். அடித்தால் மேலே இருந்து ஒருவர் இறங்கி வரட்டும்.

படிக்கட்டின் இரண்டு பக்கமும் கைபிடி போடுங்கள். ஒரு பக்கம் மட்டும் போதாது, ஏறும்போது எனக்கு நல்ல பக்கமாக இருப்பது இறங்கும்போது மற்றப் பக்கமாகிவிடும். முதல் படியையும் கடைசிப் படியையும் சரிசெய்ய முழுப் படிக்கட்டையும் உடைக்க வேண்டியதில்லை. படிகளுக்கும் அதே கனத்தில் வழுக்காத டைல்ஸ் பதித்தால் எல்லாம் 7 அங்குலத்துக்கு வந்துவிடும். அதுவரைக்கும் ஒவ்வொரு படி விளிம்பிலும் மஞ்சள் பெயின்ற் இரண்டு அங்குல அகலத்துக்கு அடியுங்கள். திருப்பத்து ரியூப் லைட்டை மாற்றுங்கள். கைவைத்த கதிரைகள், 18 அங்குல உயரத்தில், பத்துப் போதும். பெயரைக் கூப்பிடுவதோடு இலக்கத் துண்டும் கொடுங்கள். வாசல் சாய்வுப் பாதையை 18 அடிக்கு நீட்டுங்கள், நேராக இடம் போதாவிட்டால் நடுவில் திருப்பலாம்.

இவற்றுக்கான மதிப்பீட்டை நான் இலவசமாகத் தயாரித்துத் தருகிறேன். அளவுகள் ஏற்கெனவே என் கொப்பியில் இருக்கின்றன. கைபிடியை மட்டும் இந்தத் தடவை வெட்டவேண்டாம்.

ஜனவரியில் உயிர்வாழ் சான்றிதழ் கொடுக்கப் பலரும் வருவார்கள், அந்த அம்மாவும் வருவார். அதற்கு முன் எழுத்தில் பதில் தாருங்கள். பதிலைக் கருமபீடத்தில் வந்து வாங்கச் சொல்லாமல் தபாலில் அனுப்புங்கள்.